நோன்பு மாதமும் நீண்ட நாள் மருந்தும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு மனிதர் வந்து, தம் சகோதரருக்கு வயிறு சரியில்லை என்று முறையிட்டார். தேன் கொடுக்கும்படி சொல்லப்பட்டது. கொடுத்தார், பேதி கூடிற்று. திரும்ப வந்து சொன்னார். மறுபடியும் தேனே கொடுக்கச் சொல்லப்பட்டது. இப்படிப் பலமுறை வந்து போனார். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். கடைசியில் நோயாளி குணமடைந்தார். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றிருக்கிறது.

நம்மவர்கள் இதைத் தேனின் மகிமையைச் சொல்வதற்காகவே பெரும்பாலும் எடுத்தாளுகிறார்கள். ஹிஜ்ரி 751-ல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் அவர்கள் இதில் வேறொரு நுட்பத்தைக் கண்டார்கள். நோயின் அளவுக்கு ஏற்றபடி மருந்துக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு நிறையும் வரை திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். குறைந்தால் நோய் நீங்காது என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். முதல் வேளையிலேயே அந்த மனிதர், 'தேன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்கள் யோசித்துக் கொள்ளலாம்.

இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். மருந்து கிடைக்காமல் கெட்டுப்போகும் உடம்புகளைப் பற்றி யாவரும் பேசுகிறார்கள். மருந்து வீட்டிலேயே, அலமாரியிலேயே, அதுவும் இலவசமாகவே இருந்தும் கெட்டுப்போகும் உடம்புகள் பல. அவற்றில் இளவயதுப் பிள்ளைகளின் உடம்புகள் அதிகம். அதற்கு நோன்பு மாதமும் ஒரு காரணமாகிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறோம்.

விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடும் இருக்கன்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அத்தா சாத்தூரில் ஒரு கடையில் நிற்கிறார். மூத்த பையனுக்கு வயது 19. பட்டாசு ஆலையில் வேலை. அந்த வட்டாரத்தில் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது என்பதெல்லாம் அங்கே தொழிற்பேச்சு. அளவு ஒரு பிடி கூடினாலும் ஆபத்து, குறைந்தால் வெடி புஸ்ஸென்று போய்விடும் என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். அவனுக்கு மூன்று வாரமாக இருமல்; மாலையானால் காய்ச்சல்; உடம்பு இளைக்கிறது. சளியைப் பரிசோதித்தால் காசநோய், அதாவது டி.பி. என்று வருகிறது. அரசு மருத்துவமனையில் மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, ஆறு மாதம் தினமும் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

முதல் மாதம் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். காய்ச்சல் விடுகிறது, இருமல் அடங்குகிறது, பசி எடுக்கிறது, முகத்தில் தெளிவு வருகிறது. இரண்டாம் மாதம் முடியுமுன்னே அவனுக்கு நோயே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது. கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று வேறு பயம். நாளை சாப்பிடலாம் என்று விட்ட மாத்திரை மறுநாளும் நின்றுபோகிறது. அந்த நேரம் பார்த்து ரமளான் பிறை தெரிந்துவிட்டால், "நோன்பு முடியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லிக்கொள்ள ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிடுகிறது.

இங்கேதான் நோயின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. காய்ச்சலையும் இருமலையும் உண்டாக்கியவை அவைதாம். எனவே நோயாளிக்குச் சுகம் தெரிகிறது. ஆனால் அடுப்புச் சாம்பலுக்குள் தணல் கிடப்பதுபோல, பெருகாமல் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் சில உண்டு. அவை எப்போதாவது விழிக்கும்போதுதான் மருந்தில் அகப்படும். அவற்றுக்காகத்தான் மீதி நான்கு மாதம். இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகுகின்றன. விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ அதைவிடக் கேடு. மருந்துக்கு மசியாத கிருமிகள் மட்டும் பிழைத்து, பெருகி, வீட்டாருக்கும் அதே வலுவோடு தொற்றுகின்றன. ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு தலையாய மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் வந்துவிட்டால், சிகிச்சை கடினம். மருந்துகளின் பக்கவிளைவும் அதிகம்.

இப்போது நாம் சொல்லப்போகும் செய்தி உலகத்தார் எல்லாரும் நம் தமிழ் மண்ணிலிருந்து கற்றுக்கொண்ட ஒன்று. நம் வீடுகளில்தான் அது அதிகம் தெரியவில்லை. ஒரு காலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் கொண்டுபோய் விட வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை என்பதே சிகிச்சை. 1928-ல் தாம்பரத்துக்கு அருகே டாக்டர் சௌரி முத்து அப்படியொரு சானடோரியத்தைத் தொடங்கினார். அந்த ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நின்றுவிட்டது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கட்டில் எங்கே போதும்? 1952-ல் ஐசோநயாசிட் மாத்திரை வந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் இருக்கும் அந்த நிலையம்தான் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகள் அதை நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர்.

அவர்கள் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் சென்னையின் ஏழை எளிய மக்கள். பாதிப்பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். பாதிப்பேரை அவரவர் குடிசையிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருட காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான அறையில், அரைகுறைச் சாப்பாட்டில், வேலையும் செய்துகொண்டு கிடந்தார்கள். வருட முடிவில் பார்த்தால், நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. பெரிய வித்தியாசமில்லை. சிகிச்சை தொடங்கிய பிறகு வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை என்பதைத் தொடர்ந்து சில ஆண்டுகள் கவனித்துக் கண்டார்கள். 1959-ல் இந்த முடிவு வெளியான பின் உலகெங்கும் காசநோய் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கிற்று.

ஆனால் அந்த மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டு, "சாப்பிட்டேன்" என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து அதில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். சாப்பிடாதவர்கள் பலர் இருந்தார்கள். தானாக மருந்து சாப்பிடுவதில் உள்ள இந்தச் சங்கடத்தைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். கெட்டவர்கள், சோம்பேறிகள், படிக்காதவர்கள் மட்டும்தான் மருந்தை விடுகிறார்கள் என்பதில்லை; யார் விடுவார், யார் விடமாட்டார் என்று முகத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லவும் முடியாது. இந்த அனுபவத்திலிருந்துதான் மருந்தை ஒருவர் கண்முன்னால் சாப்பிட வைக்கும் முறை பிறந்தது. வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, நேரில் ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த சென்னை ஆராய்ச்சி 1964-ல் வெளியாயிற்று. பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது ஒரு வேர்.

ஆகவே உங்கள் பிள்ளை ஒரு வேளை மருந்தை விட்டுவிட்டான் என்றால் அவனைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. மனித சுபாவம் அது. நம் தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். தனியே இருக்கும்போது தவறிப்போகும் சுபுஹு, ஜமாஅத்தோடு இருக்கும்போது தவறுவதில்லை. குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதை மாத்திரைக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. வீட்டில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்து, விழுங்கிய பின் காலண்டரில் ஒரு கோடு போட்டால் போதும். வீட்டார் சொன்னால் முகம் சுளிக்கும் பையன், பக்கத்து வீட்டு அண்ணனோ சுகாதாரப் பணியாளரோ கேட்டால் மறுக்காமல் சாப்பிடுவான். அது உங்களுக்கு அவமானமல்ல.

கணக்கு இதுதான். புதிதாகக் கண்டறியப்பட்ட, மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோய்க்கு முதல் கட்டம் 56 வேளை, அடுத்த கட்டம் 112 வேளை; ஆக 168. மாத்திரை எத்தனை என்பது உடல் எடையைப் பொறுத்தது. பையன் தேறி எடை கூடினால் எண்ணிக்கையும் மாறலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால், விட்ட வேளைகளைக் கடைசியில் சேர்த்து நிறைவு செய்வார்கள். விட்ட நோன்பைக் களாச் செய்யும் வழக்கமுள்ள நமக்கு இது விளங்காத விஷயமல்ல. நாள் கணக்கு வைப்பதில் நம் வீட்டுப் பெண்களை மிஞ்ச ஆளில்லை என்பதும் தெரிந்ததே.

இனி மார்க்கச் சட்டம் தொடர்பான சில சந்தேகங்கள். பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். மனதுக்குள் வைத்து மருகுவார்கள்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் போகும். வியர்வையும் கண்ணீரும் எச்சிலும்கூடச் சாயம் ஏறியதுபோல் இருக்கும். வெள்ளைத் தொப்பியிலும் சட்டைக் கழுத்திலும் கறை தெரியும். இதை இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர், ஆடை நஜீஸாகிவிட்டது, தொழுகை கூடாது என்று குழம்புகிறார்கள். அது மருந்தின் நிறம், இரத்தமல்ல. வியர்வை சுத்தமானது, நிறம் மாறியதால் அது அசுத்தமாவதில்லை. சிறுநீர் எந்த நிறத்திலும் சிறுநீரே. வழக்கம்போல் சுத்தம் செய்து உளூச் செய்துகொள்ள வேண்டியதுதான். சொல்லப்போனால் அந்த நிறம் மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம்.

மாத்திரைக் கூட்டில் எந்தப் பிராணியின் கொழுப்பு இருக்கிறதோ என்றும் சிலர் தயங்குகிறார்கள். இன்று அரசாங்கம் பெரியவர்களுக்குக் கொடுக்கும் காசநோய்க் கூட்டு மருந்து, கூடு இல்லாத மாத்திரை. அந்தத் தயக்கத்துக்கு இதில் இடமே இல்லை.

ஜமாஅத்துக்குப் போகலாமா? சளியில் கிருமி இருக்கும் தொடக்க நாட்களில் வீட்டிலேயே தொழுவதுதான் நல்லது. பச்சைப் பூண்டு சாப்பிட்டவர் பிறருக்கு வாடை படாதிருக்கப் பள்ளிக்கு வராமலிருக்கும்படி நபிகள் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, நோய் படாதிருக்க ஒதுங்குவது எவ்வளவு முக்கியம்! சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மருத்துவர் அனுமதித்த பிறகு வரும் பையனை ஸஃப்பில் தள்ளி நிறுத்துவதும், அவன் தட்டைத் தனியாக வைப்பதும் கூடாது. காசநோய் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதல்ல, காற்றில் வருவது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நோன்புக்கு வருவோம். நோயாளியும் பிரயாணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை, நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் இருக்கிறது. நோன்பினால் நோய் கூடும் அல்லது குணமாவது தாமதமாகும் என்று திறமையும் நம்பகமும் உள்ள மருத்துவர் சொன்னால், ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் நோன்பை விடலாம். காய்ச்சலும் இளைப்பும் இருக்கும் முதல் இரண்டு மாதத்தில் ரமளான் வந்தால் நோன்பை விட்டுவிடுவதுதான் முறை. அப்போது அவனைச் சுற்றி எல்லாரும் நோன்பிருக்க, பகலில் அவன் ஒளிந்து ஒளிந்து சாப்பிடும் நிலையை வீட்டார் உண்டாக்கக் கூடாது. அம்மா தாமே ஒரு தட்டில் சோறு போட்டு, அடுப்படியில் உட்கார வைத்துக் கொடுக்கட்டும். "எல்லாரும் நோன்பு, நீ மட்டும் தின்கிறாயே" என்று தம்பி தங்கைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து மருந்தை விட்ட பிள்ளை மறுபடி படுக்கையில் விழுந்தால், அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

பின்னைய மாதங்களில், உடம்பு தேறி, மருத்துவரும் சம்மதித்தால் நோன்பு வைக்கலாம். தினம் ஒரு வேளை மருந்துதானே! சஹருக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பிறகு சஹர் சாப்பிடலாம். வயிற்றைப் பிரட்டினால் என்ன செய்வது என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலை 8 மணிக்குச் சாப்பிட்டு வந்த மருந்தை விடிகாலை 4 மணிக்கு மாற்றுவதால் கெடுதி இல்லை. கெடுதி எதில் என்றால், சஹருக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிட்ட நாளில்தான். அன்று நோன்பை வைத்துக்கொண்டு மருந்தை விடுவதா, மருந்தைச் சாப்பிட்டு நோன்பை விடுவதா? நோன்புக்குக் களா உண்டு; அதை இஃப்தாருக்குப் பின் இரவில் சாப்பிடவும் வழியுண்டு. அந்த ராத்திரியையும் தவறவிடுவதுதான் கூடாது. தராவீஹ் முடிந்து வந்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கிவிட்டுத் தூங்கலாம்.

பிள்ளைக்கு ஓதி ஊதுகிறோம், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். துஆவைத் தடுப்பவர் யார்? ஆனால் ஓதிய தண்ணீர் கிடைத்துவிட்டது என்பதற்காக மாத்திரை அட்டையை அலமாரியில் தூக்கிப் போடுவது தவக்குல் ஆகாது. அந்தத் தண்ணீரைக் கொண்டே மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். மருந்து செய்துகொள்ளும்படி நபிகள் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

பெண் பிள்ளையாக இருந்தால் கஷ்டம் இன்னொரு வகை. 'வரன் வருகிற நேரம்' என்று நோயையே மறைக்கிறார்கள். மருந்துச் சீட்டு சுருட்டி ஒளிக்கப்படுகிறது. மாத்திரை அத்தை வீட்டில் இருக்கிறது. பெண் பார்க்க வரும் வாரத்தில் ஆஸ்பத்திரிப் போக்குவரத்து நிற்கிறது. நிக்காஹ் முடிந்து புகுந்த வீடு போனால், அங்கே யாருக்கும் தெரியாமல் எப்படிச் சாப்பிடுவாள்? ஆறு மாதம் நிக்காஹைத் தள்ளிப் போடுவதில் என்ன குறைந்துவிடும்? முழுவதும் மருந்து சாப்பிட்டுக் குணமானவள் பிள்ளை பெறுவதற்கோ குடும்பம் நடத்துவதற்கோ தடையில்லை. மறைத்துக் கொடுக்கப்பட்ட பெண் நோய் முற்றித் திரும்பி வந்தால் இரு குடும்பத்துக்கும் சங்கடம்.

பக்கவிளைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது அல்லது நிறம் பிரித்தறிய முடியாமல் போவது, கை கால் மரத்துப்போவது, மூட்டு வலி: இவற்றில் எது வந்தாலும் தாமாக மருந்தை மாற்றிக்கொள்ளாமல், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலானவற்றுக்குப் பரிகாரம் உண்டு.

ஆறு மாதம் என்பதற்கே இத்தனை பாடு என்றால், ஆயுள் முழுதும் மருந்து சாப்பிட வேண்டிய பிள்ளைகளை என்ன சொல்வது! ஆஸ்துமா, சிறுவயதிலேயே வரும் சர்க்கரை வியாதி ஆகியவை யாவருக்கும் தெரியும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற வியாதி நம் வீடுகளில் பெயர்கூடத் தெரியாதது. வெள்ளைக்காரர்களின் வியாதி என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது, இப்போது நம் நாட்டுக் குழந்தைகளிடமும் கண்டறியப்படுகிறது, வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சை நடக்கிறது. நுரையீரலில் சளி பசைபோல் கெட்டிப்பட்டு அடைக்கும். அடிக்கடி மார்புச் சளிக் காய்ச்சல் வரும். கணையச் சாறு குடலுக்கு வராமல், தின்றது ஒட்டாமல் பிள்ளை நோஞ்சானாகவே இருக்கும். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். இது தொற்று வியாதியல்ல. அத்தா அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் ஒரு குறை, பிள்ளையில் ஒன்றுசேரும்போது வருவது. அப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், சாச்சா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கும் பழக்கத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால் அடுத்த சம்பந்தம் பேசுமுன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது அவசியம்.

இந்தப் பிள்ளைகள் தினமும் மார்பைத் தட்டிச் சளியை வெளியேற்ற வேண்டும்; புகை மருந்து இழுக்க வேண்டும்; ஒவ்வொரு சாப்பாட்டோடும் செரிமான மாத்திரை எடுக்க வேண்டும். அன்றாடம் இரண்டு மணி நேரம் வரை இதற்கே போய்விடும். குழந்தைப் பருவத்தில் அம்மா செய்துவிடுகிறார். 14, 15 வயதில்தான் சிக்கல். மற்ற பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் இவன் மட்டும் இயந்திரத்தோடு உட்கார விரும்புவதில்லை. உலகம் முழுவதும் இந்த வயதில்தான் சிகிச்சை தளர்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாள் முழுதும் வெயில் அடிக்கும் விருதுநகர் மாதிரி ஊரில், வியர்வையோடு உப்பும் நீரும் வெளியேறிவிடும் இவர்களுக்கு நோன்பு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சலுகை இவர்களுக்கும் உண்டு என்பதை அத்தாவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தச் செரிமான மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கு ஈடான வேறொன்று இன்னும் வழக்கத்தில் இல்லை. பையன் ஒரு நாள் இதைத் தெரிந்துகொண்டு சாப்பிட மறுக்கலாம். அல்லது பாட்டி காதில் விழுந்து வீடே அமளிப்படலாம். மறைப்பதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல். நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்று அல்பகரா 173-ஆம் வசனம் அனுமதிக்கிறது. வேறு மருந்து இல்லாத நிலையில், உயிரையும் உடலையும் காக்க இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. உங்கள் ஊர் ஆலிமிடம் பையனையும் கூட்டிக்கொண்டு போய், அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். அத்தா சொல்வதைவிட ஹஜ்ரத் சொல்வது அவன் மனதில் நிற்கும். அந்த மாத்திரை இல்லாமல் அவன் தின்னும் சோறு வீணாகும் என்பதை மருத்துவர் விளக்கட்டும்.

காசநோய்க்கான மருந்தும் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாத்தூர், சிவகாசி அரசு மருத்துவமனைகளும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக்கியிருக்கிறது. கூலி இழக்கும் குடும்பத்துக்கு அது உதவும். பையன் பெயரில் கணக்கு இல்லையென்றால் உடனே தொடங்குங்கள். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. வீட்டிலுள்ள மற்றவர்களும், முக்கியமாகச் சிறு குழந்தைகளும், பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொன்னால் தடுப்பு மருந்து சாப்பிட வேண்டும்.

கடைசியாக, விட்ட நோன்புகளின் கணக்கு. காசநோய் குணமானவர் ஆறு மாத மருந்து முடித்து, உடம்பு தேறியதும், விட்ட நாட்களை எண்ணிக் களாச் செய்துவிட வேண்டும். தொடர்ச்சியாக நோற்க வேண்டியதில்லை. அடுத்த ரமளான் வரும் முன் முடிப்பது நல்லது. தக்க காரணமின்றி அதையும் தாண்டினால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து உணவுப் பொருளும் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் போன்ற ஆயுள் வியாதி உள்ளவர்கள், எந்த நாளிலும் நோற்கச் சக்தி இல்லையென்றால், நோன்புக்குப் பதில் ஃபித்யாக் கொடுத்தால் போதும். ஷாஃபிஈகள் நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசியும், ஹனஃபிகள் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் கிரயமும் ஏழைக்குக் கொடுப்பார்கள். இன்றைய எடையில் அது எவ்வளவு, என்ன விலை என்பதை ஒவ்வொரு ரமளானிலும் உங்கள் பள்ளிவாசலில் அறிவிப்பார்கள்.